பிழையில்லா எண்ணைத் தேடியவர்

நுழையும்முன்

கணிப்பொறியின் தந்தை எனச் சார்லஸ் பாபேஜை உலகம் போற்றுகிறது. எனினும், தாம் வடிவமைத்த பெரும்பொறிகளுள் ஒன்றைக்கூட அவர் தம் வாழ்நாளில் முழுமையாகக் கட்டிமுடிக்கவில்லை. அவர் திட்டமிட்டவற்றைவிடக் குறைபாடு மிகுந்த கருவிகளே அக்காலத்து அலுவலகங்களில் இடம்பிடித்தன. நம்பத்தகுந்த ஒன்று பின்தங்க, பிழைபடும் ஒன்று முந்திச்செல்வது ஏன்? இவ்வினாவுக்கு விடைதேட ஓர் அறிஞரின் வாழ்க்கை துணைசெய்கிறது.

அச்சிட்ட எண்களை நம்பிய உலகம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்றுள்ள கணிப்பான்கள் இல்லை. பெரிய எண்களைப் பெருக்கவும் வகுக்கவும் வேண்டியவர்கள் அச்சிட்ட அட்டவணை நூல்களையே நாடினர். மாலுமிகள், நிலவும் விண்மீன்களும் இருக்கும் இடங்களைக் குறித்த அட்டவணைகளைப் புரட்டி, நடுக்கடலில் தம் கப்பல் நிற்கும் இடத்தைக் கணித்தனர். வானியலார், நில அளவையர், பொறியாளர், காப்பீட்டு நிறுவனத்தார், வங்கியாளர் எனப் பலரும் மடக்கை அட்டவணைகளையோ வட்டி அட்டவணைகளையோ கைவிளக்காகக் கொண்டிருந்தனர்.

அந்த அட்டவணைகளை உருவாக்கியவர்கள் மனிதர்கள். கணக்கிடுவதையே தொழிலாகக் கொண்ட கணக்கர்கள் நாள்தோறும் எண்களைக் கூட்டியும் கழித்தும் தாள்களை நிரப்பினர். அவர்கள் எழுதியதை மற்றொருவர் படியெடுத்தார். அச்சுக்கோப்பவர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். மெய்ப்புத் திருத்துபவர் அவற்றைச் சரிபார்த்தார். இந்நான்கு படிகளிலும் பிழை நுழைய வாய்ப்பிருந்தது. ஏழு என்னும் எண் ஒன்றாக மாறினாலும் பக்கத்தின் தோற்றத்தில் எவ்வேறுபாடும் தெரியாது. சொல்லில் நேரும் பிழையைப் படிப்பவர் உணர்ந்துகொள்வார். எண்ணில் நேரும் பிழையோ உண்மையின் உருவிலேயே மறைந்திருக்கும்.

டயனீஷியஸ் லார்ட்னர் என்னும் அறிவியல் எழுத்தாளர் 1834ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில், நாற்பது அட்டவணை நூல்களை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். அந்நூல்களில் வெளியீட்டாளர்களே ஒப்புக்கொண்டு திருத்திய பிழைகள் மட்டும் 3,700க்கும் மேற்பட்டிருந்தன. கண்டுபிடிக்கப்படாத பிழைகள் இக்கணக்கில் சேரா. பிழைதிருத்தப் பட்டியலிலேயே பிழை நேர்ந்து, அப்பட்டியலுக்கு மீண்டும் ஒரு திருத்தப் பட்டியல் வெளியிட்ட நிகழ்வுகளும் உண்டு. இவ்வாறு நலிவுற்ற அடித்தளத்தின்மீதே கடல் வணிகமும் அறிவியல் ஆய்வும் நடைபெற்றுவந்தன.

இளமையும் முதல் வெற்றியும்

சார்லஸ் பாபேஜ் 1791ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தை பெஞ்சமின் பாபேஜ் செல்வம் மிக்க வங்கியாளர். இளமையில் அடிக்கடி நோயுற்ற பாபேஜ், கணித நூல்களைத் தாமே தேடிப்படித்துத் தேர்ச்சி பெற்றார். 1810ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தபோது, ஆசிரியர்கள் கற்பித்ததைவிட மிகுதியாக அவர் அறிந்திருந்தார்.

அங்கே அவருக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. நுண்கணிதத்தை எழுதுவதற்கு இருவகைக் குறியீடுகள் வழக்கில் இருந்தன. எழுத்தின் மேல் புள்ளி வைக்கும் முறை நியூட்டன் வகுத்தது. ஐரோப்பியப் பெருநிலத்தில் வழங்கிய மற்றொரு முறை லைப்னிட்சு வகுத்தது. பின்னது தெளிவானது, கணக்கை மேலும் வளர்த்துச்செல்ல ஏற்றது. அம்முறையைக் கையாண்ட பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் வெகுதொலைவு முன்னேறியிருந்தனர். ஆயினும், நியூட்டன் பயின்ற கல்லூரியில் அவருடைய புள்ளிகளை விட்டுக்கொடுக்க எவரும் முன்வரவில்லை.

ஜான் ஹெர்ஷல், ஜார்ஜ் பீகாக் முதலிய நண்பர்களுடன் இணைந்து பாபேஜ் 1812ஆம் ஆண்டு பகுப்பாய்வுக் கழகம் என்னும் அமைப்பைத் தொடங்கினார். புதிய குறியீட்டின் சிறப்பை எடுத்துரைப்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. லக்ருவா என்னும் பிரெஞ்சு அறிஞரின் நுண்கணிதப் பாடநூலை மொழிபெயர்த்து 1816ஆம் ஆண்டு வெளியிட்டனர். மறு ஆண்டு பீகாக் பல்கலைக்கழகத் தேர்வாளராகப் பொறுப்பேற்று, வினாத்தாளில் புதிய குறியீட்டையே பயன்படுத்தினார். தேர்வில் இடம்பெற்றதை மாணவர்கள் கற்றனர். மாணவர்கள் கற்றதை ஆசிரியர்கள் பின்பற்றினர். சில ஆண்டுகளில் பழைய புள்ளிமுறை கேம்பிரிட்ஜில் மறையத் தொடங்கியது.

மேம்பட்ட ஒன்று வெற்றிபெறச் சிறப்பு மட்டும் போதாது. அதைக் கைக்கொள்வதற்கு ஏற்ற பாடநூலும் பழக்கமும் நிறுவனங்களின் ஆதரவும் வேண்டும். இளமையில் பாபேஜின் வாழ்வில் நிகழ்ந்த இவ்வுண்மை, பிற்காலத்தில் அவர் மேற்கொண்ட பெருமுயற்சிக்கு வாய்க்காமற்போனது.

நீராவியில் பிறந்த எண்ணம்

பட்டம் பெற்ற 1814ஆம் ஆண்டிலேயே பாபேஜ், ஜார்ஜியானா விட்மோர் என்பவரை மணந்தார்; பின்னர் இலண்டனில் குடியேறினார். 1816ஆம் ஆண்டு அரச கழகத்தின் உறுப்பினரானார். 1820ஆம் ஆண்டு வானியல் கழகம் தோன்றுவதற்குத் துணைநின்றார்.

1821ஆம் ஆண்டில் ஒருநாள் பாபேஜும் ஹெர்ஷலும் வானியல் அட்டவணை ஒன்றைச் சரிபார்க்க அமர்ந்தனர். ஒரே கணக்கை இரு கணக்கர்கள் தனித்தனியே செய்திருந்தனர். இருவர் தாள்களையும் ஒப்பிடுந்தோறும் முரண்பாடுகள் வெளிப்பட்டன. சலிப்புற்ற பாபேஜ், இக்கணக்குகளை நீராவி செய்தால் எத்துணை நன்றாக இருக்கும் என்று வியந்து கூறினார். ஹெர்ஷல் அது இயலக்கூடியதே என்றார். அன்று எழுந்த அவ்வெண்ணம் பாபேஜை இறுதிவரை விடவில்லை.

பொறியால் பெருக்குவது கடினம், கூட்டுவது எளிது. எனவே, கூட்டலை மட்டுமே கொண்டு அட்டவணை அமைக்கும் வேறுபாட்டு முறையைப் பாபேஜ் தெரிவுசெய்தார். எடுத்துக்காட்டாக, 1, 4, 9, 16, 25 என்னும் வர்க்க எண்களைக் காண்க. அடுத்தடுத்த எண்களுக்கு இடையேயுள்ள வேறுபாடுகள் 3, 5, 7, 9 ஆகும். இவ்வேறுபாடுகளுக்கு இடையேயுள்ள வேறுபாடு எப்போதும் 2. ஆகவே, 9உடன் 2ஐக் கூட்டினால் 11. அதனை 25உடன் கூட்டினால் 36. ஆறின் வர்க்கம் பெருக்கல் இன்றியே கிடைத்துவிட்டது. மடக்கை முதலிய சிக்கலான அட்டவணைகளையும் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து இம்முறையில் மிக நெருக்கமாகக் கணிக்க இயலும்.

பிரான்சில் கஸ்பார் டி புரோனி என்பவர் இதற்கு முன்பே இம்முறையைக் கையாண்டு மாபெரும் அட்டவணைகளை உருவாக்கியிருந்தார். கணித அறிஞர் சிலர் வழிவகுத்துக் கொடுக்க, கூட்டலும் கழித்தலும் மட்டுமே அறிந்த பல கணக்கர்கள் எஞ்சிய வேலையைச் செய்துமுடித்தனர். அக்கணக்கர்களின் இடத்தில் பற்சக்கரங்களை அமர்த்துவதே பாபேஜின் திட்டமாகும். அதற்கு வேறுபாட்டுப் பொறி என்று பெயரிட்டார்.

தவறுவதைவிட நின்றுவிடுவது மேல்

பொறி விரைவாகக் கணக்கிட வேண்டும் என்பதைவிட, பொய்யான விடையை ஒருபோதும் தரக்கூடாது என்பதிலேயே பாபேஜ் மிகுந்த கருத்துச் செலுத்தினார். அவருடைய வடிவமைப்பில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு சக்கரம் உண்டு. அச்சக்கரம் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே பிறழ்ந்து நிற்குமானால், பூட்டுகள் அதனைத் தடுத்துப் பொறியின் இயக்கத்தையே நிறுத்திவிடும். ஐயத்துக்குரிய விடையைத் தருவதைவிட, விடை தராமல் நிற்பது நேர்மையானது என்னும் கொள்கை அவ்விரும்புச் சக்கரங்களில் பொதிந்திருந்தது.

அச்சுக்கோப்பில் பிழை நேராமலிருக்கவும் அவர் வழிகண்டார். பொறி தான் கணக்கிட்ட விடையைத் தானே மென்மையான அச்சுவார்ப்பில் பதிக்கும். அவ்வார்ப்பிலிருந்து அச்சுத்தகடு உருவாகும். எண் பிறந்த இடத்திலிருந்து தாளைச் சேரும்வரை மனிதக் கை இடையே புகாது.

1822ஆம் ஆண்டு சிறிய மாதிரி ஒன்றை அவர் இயக்கிக் காட்டினார். வானியல் கழகம் அவருக்குத் தங்கப்பதக்கம் வழங்கியது. 1823ஆம் ஆண்டு பிரித்தானிய அரசு 1,500 பவுண்டு நல்கியது. தேர்ந்த பொறிவினைஞரான ஜோசப் கிளெமென்ட்டின் பட்டறையில் வேலை தொடங்கியது. முழுப்பொறிக்கு ஏறத்தாழ 25,000 உறுப்புகள் தேவைப்பட்டன. ஒரே அளவுள்ள உறுப்புகளை நூற்றுக்கணக்கில் செய்வதற்கான கருவிகளே அக்காலத்தில் அரிதாக இருந்தமையால், உறுப்பைச் செய்யும் கருவியை முதலில் செய்ய வேண்டியிருந்தது. அப்பட்டறையில் பயிற்சி பெற்ற ஜோசப் விட்வொர்த் என்பவரே பின்னாளில் திருகாணிகளுக்குப் பொது அளவைத் தரம் வகுத்துப் புகழ்பெற்றார்.

துயரும் தொடர்ந்த உழைப்பும்

1827ஆம் ஆண்டு பாபேஜின் வாழ்வில் இடியாக இறங்கியது. அவ்வோர் ஆண்டிலேயே தந்தையையும் மனைவி ஜார்ஜியானாவையும் பிள்ளைகளையும் இழந்தார். உடல்நலம் குன்றி, ஐரோப்பிய நாடுகளில் பயணம் மேற்கொண்டார். நியூட்டன் வகித்த லூகாசியன் கணிதப் பேராசிரியர் பதவிக்குத் தாம் தெரிவுசெய்யப்பட்ட செய்தி 1828ஆம் ஆண்டு அப்பயணத்தின்போதே அவரை எட்டியது.

துயருற்ற அதே ஆண்டில் அவருடைய மடக்கை அட்டவணை நூல் வெளிவந்தது. ஒன்றுமுதல் 108,000 வரையுள்ள எண்களின் மடக்கைகளைக் கொண்ட அந்நூலைப் பலமுறை சரிபார்த்து அச்சிட்டிருந்தார். அப்போது மேற்கொண்ட ஆய்வில் வியப்பூட்டும் செய்தி ஒன்றை அவர் வெளிப்படுத்தினார். 1628ஆம் ஆண்டு ஹாலந்தில் விளாக் என்பவர் வெளியிட்ட அட்டவணையில் இருந்த ஆறு பிழைகள், பின்னர் வெவ்வேறு நாடுகளில் வெளிவந்த அட்டவணைகளிலும் அப்படியே காணப்பட்டன. சீனத்தில் அச்சான நூலிலும் அவை இருந்தன. புதிதாகக் கணக்கிட்டதாக மக்கள் நம்பிய நூல்கள் உண்மையில் பழைய நூலின் படிகளே என்பதற்கு அப்பிழைகளே சான்றாயின. ஒருமுறை நுழைந்த பிழை படியெடுப்போரின் வழியே நூற்றாண்டுகளைக் கடந்தும் வாழ்கிறது. பல நூல்கள் ஒத்துரைப்பதாலேயே ஒன்று மெய்யாகிவிடாது என்பதையும் இது உணர்த்துகிறது.

நின்றுபோன பட்டறை

1832ஆம் ஆண்டு வேறுபாட்டுப் பொறியின் கணக்கிடும் பிரிவில் ஏழில் ஒரு பங்கு பொருத்தப்பட்டது. ஏறத்தாழ 2,000 உறுப்புகளைக் கொண்ட அப்பகுதி பிசகின்றி இயங்கியது. பாபேஜின் இல்லத்தில் நடைபெற்ற மாலைக் கூட்டங்களில் அறிஞரும் எழுத்தாளரும் அரசியலாரும் அதனைக் கண்டு வியந்தனர். எனினும், மறு ஆண்டே பட்டறை வேலை நின்றது. பட்டறையைப் பாபேஜின் இல்லத்தருகே மாற்றுவதற்கான இழப்பீடு குறித்து அவருக்கும் கிளெமென்ட்டுக்கும் பிணக்கு ஏற்பட்டது. கிளெமென்ட் ஆட்களை வேலையிலிருந்து நீக்கினார். அக்கால வழக்கப்படி சிறப்புக் கருவிகள் யாவும் வினைஞருக்கே உரியவையாயின.

இதற்கிடையே பாபேஜின் உள்ளம் மேலும் உயரத்துக்குப் பறந்தது. ஒரே வகைக் கணக்கை மட்டும் செய்யும் பொறிக்கு மாறாக, எவ்வகைக் கணக்கையும் கட்டளைக்கேற்பச் செய்யவல்ல பகுப்பாய்வுப் பொறியை 1834ஆம் ஆண்டு அவர் சிந்திக்கத் தொடங்கினார். அதில் எண்களைச் சேமித்துவைக்கும் களஞ்சியமும், அவற்றைக் கொண்டு கணக்கிடும் ஆலையும் தனித்தனியே அமைந்தன. பட்டு நெசவில் பூவேலைப்பாட்டுக்கு ஜக்கார்டு கண்ட துளையட்டைகளே அப்பொறிக்குக் கட்டளை வழங்கும். இன்றைய கணிப்பொறியின் அடிப்படை அமைப்பு அவ்வரைபடங்களிலேயே காணப்படுகிறது.

இச்சிறப்பே அவருக்கு இடையூறாகவும் முடிந்தது. புதிய பொறி பழையதைவிடச் சிறந்தது என்று அவர் அரசிடம் தெரிவித்தபோது, முடியாத ஒன்றுக்குப் பணம் கொடுத்தவர்கள் மேலும் ஐயுற்றனர். முதற்பொறிக்காக அரசு செலவிட்ட தொகை ஏறத்தாழ 17,500 பவுண்டு. இருபதுக்கும் மேற்பட்ட நீராவி இரயில் எஞ்சின்களை வாங்கப் போதுமான தொகை அது. மேலும், 1830ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில் அரச கழகத்தைப் பாபேஜ் கடுமையாகச் சாடியிருந்தார். துணைநிற்க வேண்டிய பலர் அதனால் விலகிநின்றனர்.

தெரிந்து தெளிவோம்

இத்தாலிய அறிஞர் மெனபிரியா 1842ஆம் ஆண்டு பகுப்பாய்வுப் பொறியைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையை, கவிஞர் பைரனின் மகளான அடா லவ்லேஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1843ஆம் ஆண்டு வெளியான அம்மொழிபெயர்ப்பில் அவர் சேர்த்த குறிப்புகள் மூலக்கட்டுரையைவிட நீளமானவை. பெர்னூலி எண்களைப் பொறி கணக்கிடும் முறை அக்குறிப்புகளில் படிப்படியாக விளக்கப்பட்டுள்ளது.

அரசின் முடிவும் அதன் காரணமும்

1842ஆம் ஆண்டு ராபர்ட் பீல் தலைமையிலான அரசு, அரச வானியலார் ஜார்ஜ் ஏரியின் கருத்தை நாடியது. வேறுபாட்டுப் பொறியால் பயனில்லை என்று ஏரி தெரிவித்தார். அரசு திட்டத்தைக் கைவிட்டது.

ஏரியை அறியாதவர் என்று ஒதுக்கிவிட இயலாது. அவர் சிறந்த கணித அறிஞர். கணக்கர்களைக் கொண்டு பெரும் வானாய்வகத்தை ஒழுங்குடன் நடத்தியவர். புதிய அட்டவணைகளை முற்றிலும் தொடக்கத்திலிருந்து கணக்கிடும் தேவை எப்போதாவதுதான் எழும் என்பது அவர் கருத்து. கணக்கர்களின் கூலி குறைவு. வேறுபாடுகளை எடுத்துப்பார்த்தே பயிற்சி பெற்ற ஒருவர் அட்டவணையின் பிழைகளைக் கண்டறியவும் கூடும். ஆகவே, இருக்கும் முறையே போதும் என்று அவர் கருதினார்.

இக்கணக்கில் ஒன்று விடுபட்டுப்போனது. பொறியின் விலையை அரசு அறிந்திருந்தது. பிழையின் விலையை எவரும் எண்ணிப்பார்க்கவில்லை. ஓர் அட்டவணைப் பிழையால் வழிதவறும் கப்பலின் இழப்பு, அட்டவணை வெளியிட்டவரின் கணக்கேட்டில் வராது. அவ்விழப்பு கடலோடிகளிடமும் அவர்தம் குடும்பத்தாரிடமும் சிதறிக்கிடக்கும். ஓரிடத்தில் திரண்டு நிற்கும் செலவு கண்ணில் படுகிறது. பல்லாயிரவர்மேல் சிதறும் இழப்போ கண்ணுக்குப் புலனாவதில்லை.

முந்திச்சென்ற கருவிகள்

லார்ட்னரின் கட்டுரையைப் படித்தவர்களுள் ஸ்டாக்ஹோம் நகரத்து அச்சகத்தார் ஜார்ஜ் ஷூட்ஸ் ஒருவர். அவரும் அவர் மகன் எட்வர்டும் எளிய வேறுபாட்டுப் பொறி ஒன்றைத் தாமே கட்டத் துணிந்தனர். 1843ஆம் ஆண்டு மாதிரியையும், 1853ஆம் ஆண்டு முழுப்பொறியையும் உருவாக்கினர். பாபேஜ் வகுத்த பாதுகாப்புப் பூட்டுகள் அதில் இல்லை. சக்கரங்கள் இடம்பெயராமல் இயக்குபவர் இடைவிடாது கவனிக்க வேண்டியிருந்தது. ஆனால், அது கட்டிமுடிக்கப்பட்ட பொறி. 1855ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் அதற்குத் தங்கப்பதக்கம் கிடைத்தது. 1857ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆல்பனி நகரிலுள்ள டட்லி வானாய்வகம் அதனை வாங்கியது.

பாபேஜ் இதனைக் கண்டு பொறாமை கொள்ளவில்லை. ஷூட்ஸ் தந்தையையும் மகனையும் இலண்டன் அறிஞர்களிடையே பாராட்டிப் பேசினார். அவருடைய மகன் ஹென்றி, அப்பொறியின் இயக்கத்தை விளக்கும் வரைபடங்களைத் தீட்டித்தந்தார்.

அப்பொறியின் படி ஒன்றைப் பிரித்தானிய அரசே பின்னர் செய்யச்சொல்லிப் பெற்றது. 1864ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கிலேயர் வாழ்நாள் அட்டவணைக்கு அது பயன்பட்டது. ஆனால், அடிக்கடி சீர்செய்ய வேண்டியிருந்தமையால் அட்டவணைகளின் ஒரு பகுதியே பொறியால் நிறைவேறியது; எஞ்சியவற்றை மனிதர்களே கணக்கிட்டனர். பாபேஜ் அஞ்சிய குறைபாடு அங்கே மெய்ப்பட்டது.

பரவலான வெற்றி கண்ட கருவி வேறொன்று. தாமஸ் டி கோல்மர் என்னும் பிரெஞ்சுக்காரர் 1820ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற எண்கணிப்பான், அந்நூற்றாண்டின் நடுவில் விற்பனைக்கு வந்தது. மேசைமேல் வைக்கக்கூடிய அச்சிறு பெட்டி நான்கு அடிப்படைக் கணக்குகளையும் செய்தது. எண்களை உள்ளிடுவதும் விடையைப் பார்த்து எழுதிக்கொள்வதும் மனிதர் வேலையாகவே இருந்தன. அதனால் பாபேஜ் ஒழிக்க எண்ணிய படியெடுப்புப் பிழை அப்படியே நீடித்தது. ஆயினும், அலுவலகங்கள் அதனை விரும்பி வாங்கின. அதன் விலை ஓர் அலுவலகத்தின் எல்லைக்குள் அடங்கியது; அதற்காக ஊழியர்கள் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை; வாங்கிய நாளிலேயே வேலையைத் தொடங்கலாம். பிழையின்மை என்னும் சிறப்பைக் கடையில் நின்று பார்த்து அறிய முடியாது. விலையையும் எளிமையையும் எவரும் அறியலாம்.

இறுதி ஆண்டுகளும் காலத்தின் தீர்ப்பும்

பகுப்பாய்வுப் பொறியில் பெற்ற தெளிவைக் கொண்டு, 1847 முதல் 1849 வரை பாபேஜ் இரண்டாம் வேறுபாட்டுப் பொறியை வடிவமைத்தார். அச்சிடும் பகுதியையும் சேர்த்து ஏறத்தாழ 8,000 உறுப்புகளே அதற்குத் தேவைப்பட்டன. முதற்பொறிக்குத் தேவைப்பட்டதில் அது மூன்றில் ஒரு பங்கு. 31 இலக்க எண்களை அது கையாளும். 1852ஆம் ஆண்டு அதன் வரைபடங்களை அரசுக்கு அளிக்க முன்வந்தார். அரசு மறுத்தது.

அதன்பின்னும் அவர் ஓயவில்லை. தம் செலவில் வரைபடங்களைத் திருத்திக்கொண்டே இருந்தார். ஒரு வடிவம் முடியுமுன்னரே அதைவிடச் சிறந்த வடிவம் அவர் மனத்தில் தோன்றும். முன்னதைக் கைவிட்டுப் பின்னதைத் தொடங்குவார். குறையொன்றும் இல்லாத பொறியை நாடிய அவ்வேட்கை, போதுமான அளவுக்கு நல்ல பொறியைக் கட்டிமுடிக்கவும் தடையாயிற்று. 1871ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் இலண்டனில் அவர் காலமானார். இந்தியாவில் படைப்பணி ஆற்றித் திரும்பிய மகன் ஹென்றி, தந்தையின் உறுப்புகளைக் கொண்டு சில பகுதிகளைப் பொருத்திக்காட்டினார்.

கணக்கர்களின் கையால் அட்டவணைகள் அமைக்கும் வழக்கம் அதற்குப்பின் மேலும் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1930ஆம் ஆண்டையொட்டி, கப்பற்பயண வானியல் அட்டவணை அலுவலகத்தில் பணியாற்றிய கோம்ரி என்பவர், வணிகர்களுக்காகச் செய்யப்பட்ட கணக்குப்பதிவு எந்திரங்களையே வேறுபாட்டு முறைக்குப் பயன்படுத்தினார். பாபேஜ் தனியே கட்ட முயன்றதை, கடையில் கிடைத்த எந்திரம் ஒருவாறு நிறைவேற்றியது.

அவ்வாறாயின், பாபேஜின் வடிவமைப்பு வெறுங்கனவா? இலண்டன் அறிவியல் அருங்காட்சியகம் இவ்வினாவுக்கு விடைகாண முற்பட்டது. பாபேஜின் மூல வரைபடங்களைப் பின்பற்றி, அவர் காலத்து வினைஞரால் எய்தக்கூடிய துல்லிய அளவிலேயே உறுப்புகளைச் செய்து, இரண்டாம் வேறுபாட்டுப் பொறியைக் கட்டத் தொடங்கியது. அவர் பிறந்த இருநூறாம் ஆண்டான 1991இல் அதன் கணக்கிடும் பிரிவு நிறைவுற்றது, பிழையின்றிக் கணக்கிட்டது. 2002ஆம் ஆண்டு அச்சிடும் பகுதியும் இணைந்தது. வரைபடங்களில் தென்பட்ட சிறு வழுக்களைத் திருத்தியதைத் தவிர, பொறியின் அடிப்படையில் எம்மாற்றமும் தேவைப்படவில்லை. வடிவமைப்பு சரியானது, அது தோற்ற காரணங்கள் பொறிக்கு வெளியே இருந்தன.

நமக்கு உணர்த்துவது

குறையுள்ள கருவி வெல்வதற்குக் காரணம் மக்களின் அறியாமை மட்டுமே என்று கூறிவிட முடியாது. அது முதலில் வந்துசேர்கிறது, மலிவாகக் கிடைக்கிறது, பழக்கத்தோடு ஒத்துப்போகிறது. அதன் குறைகளுக்கு மக்கள் தம்மைப் பழக்கிக்கொள்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அட்டவணையோடு பிழைதிருத்தப் பட்டியல் வந்தது. இன்று மென்பொருளை முதலில் வெளியிட்டுவிட்டு, அதன் பிழைகளைத் திருத்தும் புதுப்பிப்புகளைப் பின்னர் அனுப்புகின்றனர். வழக்கம் ஒன்றே, வடிவம் மாறியிருக்கிறது. பிழைகளால் நேரும் இழப்பை அதை உருவாக்கியவர்கள் ஏற்காமல் பயன்படுத்துவோரே சுமக்கும்வரை இவ்வழக்கம் எளிதில் மாறாது.

பாபேஜின் வாழ்வில் இரு நிகழ்வுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது தகும். நுண்கணிதக் குறியீட்டை மாற்றிய இளைஞர், நண்பர்களைச் சேர்த்தார்; பாடநூல் அளித்தார்; தேர்வுவரை அதைக் கொண்டுசேர்த்தார். பொறியைக் கட்ட முனைந்த அறிஞரோ வடிவமைப்பின் மேன்மையே எல்லாவற்றையும் வென்றுதரும் என்று நம்பினார். முன்னது நிலைத்தது, பின்னது நின்றுபோனது. நம்பத்தகுந்த ஒன்றை உருவாக்குவோர், அது மக்கள் கைக்குச் சென்றுசேரும் வழியையும் சேர்த்தே உருவாக்க வேண்டும். அதனைப் பெறுவோரும் விலையையும் விரைவையும் கேட்பதோடு, இது தவறினால் எனக்குத் தெரியுமா, அதன் இழப்பை யார் ஏற்பார் எனக் கேட்கப் பழக வேண்டும். ஐயத்துக்குரிய விடையைத் தராமல் நின்றுவிடும் பொறியை ஒருவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எண்ணிப்பார்த்தார். அத்தகைய நேர்மையைக் கருவிகளிடம் கேட்டுப் பெறும் பொறுப்பு இன்று நம்முடையது.